சுரங்கத்துக் குள்ளர்களும் ஒரு வைத்தியரும்

உயர்தர வகுப்புக்காக ஆவர்த்தன அட்டவணையை மனனம் செய்துகொண்டிருந்தபோது, கோபாற்று என்ற மூலகத்துக்கு அப்பெயர் எப்படி வந்தது என்று தேடினேன். ஜேர்மனியச் சுரங்கங்களில் வாழ்வதாக நம்பப்பட்ட 'கோபோல்ட்' என்னும் குள்ளப் பூதத்தின் பெயராம்! சிரிப்பு வந்தது. அந்தத் தேடலில்தான் ஜோர்ஜியஸ் அகிரிகோலா என்ற வைத்தியரை அறிந்தேன். அதன் பிறகு சிரிக்க முடியவில்லை.

1494 இல் ஜேர்மனியின் சக்சனிப் பகுதியில் பிறந்தவர் அவர். கிரேக்கம் கற்பித்தார், இத்தாலி சென்று மருத்துவம் பயின்றார். 1527 இல் யோக்கிம்ஸ்தால் நகரின் வைத்தியரானார். இன்று செக் குடியரசிலுள்ள அந்த மலைநகரம் அப்போது வெள்ளிச் சுரங்கங்களால் கொழித்துக்கொண்டிருந்தது. அங்கு வார்த்த நாணயத்தின் பெயரே காலப்போக்கில் 'டொலர்' எனத் திரிந்தது.

வெள்ளி யாருக்கோ போயிற்று. அதைத் தோண்டியவர்களோ புண்ணான கைகால்களுடனும் இழுக்கும் மூச்சுடனும் தவித்தார்கள். கார்பேத்திய மலைச் சுரங்கப் பகுதியில் ஏழு கணவர்மாரை அடுத்தடுத்து நெஞ்சு நோய்க்குப் பறிகொடுத்த பெண்கள் இருந்ததாக அகிரிகோலா எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரியைக் கடந்து செல்ல எனக்கு வெகுநேரம் பிடித்தது.

இவ்வளவையும் கண்ணால் கண்டு எழுதிய அதே மனிதர், 1549 இல் நிலத்தடி உயிரினங்கள் பற்றிய நூலொன்றில் குள்ளர்களையும் சேர்த்துக்கொண்டார். இரண்டடி உயரம், கிழத் தோற்றம், சுரங்கத் தொழிலாளியின் உடை. ஓடியாடி வேலை செய்வதுபோல் காட்டுவார்களாம். உண்மையில் ஒன்றும் செய்யமாட்டார்களாம். சிறு கற்களை எறிவார்கள், ஆனால் கேலி செய்தாலன்றித் தீங்கு செய்யார். அவர்கள் நடமாடும் இடத்தில் நல்ல தாது கிடைக்கும் என்று தொழிலாளர் உற்சாகமடைந்தனராம். கொடிய பூதங்களும் உண்டு. அன்னாபெர்க் சுரங்கத்தில் அப்படியொன்று பன்னிரண்டுக்கு மேற்பட்டோரைத் தன் மூச்சினாலேயே கொன்றதாக எழுதினார்.

மூச்சினால்! நச்சு வாயு என்று இன்று நாம் ஊகிப்போம். வாயு என்ற சொல்லுக்கே இன்றைய பொருள் இல்லாத காலம் அது. எண்ணெய் விளக்கின் மங்கிய ஒளியில், தாங்குமரம் முனகும், நீர் சொட்டும், எங்கோ தட்டும் ஓசை எதிரொலிக்கும். வெள்ளிபோல் மின்னும் தாதை உருக்கினால் வெள்ளி வராது. ஆசனிக்குப் புகைதான் வரும், உருக்கியவன் நோயில் விழுவான். குள்ளன் வெள்ளியைத் திருடிவிட்டு நஞ்சை வைத்தான் என்றார்கள். ஆபத்து மெய்யாக இருந்ததால்தான் நம்பிக்கையும் நிலைத்தது என எனக்குத் தோன்றுகிறது. வெறும் பயமாக இருந்திருந்தால் ஒரு தலைமுறையிலேயே மறைந்திருக்கும்.

1730களில் சுவீடனைச் சேர்ந்த கெயோர்க் பிராண்ட் அந்தத் தாதிலிருந்து புதிய உலோகமொன்றைப் பிரித்தெடுத்தார். பூதத்தின் பெயர் மூலகத்துக்கு நிலைத்தது. யோக்கிம்ஸ்தால் தாதின் கழிவிலிருந்துதான் பின்னாளில் மேரி கியூரி அம்மையார் ரேடியத்தைப் பிரித்தார். கண்ணுக்குத் தெரியாமல் நெஞ்சை அரிக்கும் ரேடன் வாயுவும் அந்த மலைகளில் கசிந்துகொண்டிருந்தது என்பது அதற்குப் பிறகே தெரியவந்தது.

அகிரிகோலா பூதங்களை நம்பினார்தான். ஆனாலும் கைகட்டி இருந்துவிடவில்லை. தூசிக்கு முகத்தை மூடச் சொன்னார். முழங்கை வரை கையுறையும் தோற் சப்பாத்தும் அணியச் சொன்னார். சுரங்கத்துள் காற்றைச் செலுத்தும் பொறிகளை விளக்கி எழுதினார். உலோகங்கள் பற்றிய அந்தப் பெருநூலுக்காக இருபது ஆண்டளவில் உழைத்தார். சுரங்கமொன்றைக் கைவிடுவதற்கான காரணங்களில் நீர், கெட்ட காற்று, நஞ்சு ஆகியவற்றோடு பூதங்களையும் அதில் எழுதினார்.

கெம்னிற்ஸ் நகரின் மேயராக இருந்தவர் அவர். ஆயினும் 1555 இல் இறந்தபோது, சமயப் பிரிவு வேறு என்பதற்காக அந்த நகரம் அவரை அடக்கம் செய்ய இடம் கொடுக்கவில்லை. உடலை சைற்ஸ் என்ற ஊருக்குக் கொண்டுபோனார்கள். நூல் அடுத்த ஆண்டுதான் அச்சாகி வெளிவந்தது.