திராட்சைத் தோலில் குடியிருந்த உயிர்

ஒரு கைப்பிடி உலர்ந்த திராட்சை. இரண்டு டம்ளர் தண்ணீர். ஒரு கண்ணாடிச் சீசா. ரொட்டிக்கு வேண்டிய ஈஸ்டை வீட்டிலேயே தயாரிக்க இவ்வளவு போதும்!

திராட்சை எண்ணெய் தடவாததாக இருக்க வேண்டும். கொதித்து நன்றாக ஆறிய தண்ணீரில் அதைப் போட்டு, மூடியை இறுக்காமல் வைத்து, தினம் ஒரு முறை குலுக்கி வர வேண்டும். நாலைந்து நாட்களில் பழங்கள் மிதக்கும், நீர் நுரைக்கும், இலேசான கள் வாசனை வீசும். அந்த நீரை வடிகட்டி, கோதுமை மாவில் ஊற்றிப் பிசைந்து வைத்தால் மாவு பொங்கி எழும்.

பொங்க வைத்தது எது? தண்ணீரா? சர்க்கரையா? மாவா? மூன்றும் இல்லை. அது கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர். அது எங்கே குடியிருக்கிறது என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றிக் காட்டியவர் லூயி பாஸ்டர். வெறிநாய்க்கடிக்கு மருந்து கண்டவர் என்றுதான் நம்மில் பலருக்கு அவரைத் தெரியும். ஆனால் அவருடைய கிருமி ஆராய்ச்சிக்கு வித்திட்டது இந்த நொதித்தல்தான்.

தோல் பதனிடுபவர் மகன்

பிரான்சு தேசத்தில் டோல் என்ற ஊரில் 1822 டிசம்பர் 27-ல் பாஸ்டர் பிறந்தார். தந்தை நெப்போலியனின் படையில் போர் வீரராக இருந்தவர். பிறகு தோல் பதனிட்டுப் பிழைத்தார். குடும்பம் ஆர்புவா என்ற சிற்றூரில் குடியேறியது. ஊரைச் சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். சிறுவன் லூயிக்குச் சித்திரம் வரைவதில் ஆசை. பெற்றோரின் உருவங்களை அழகாக வரைந்தான்.

பின்னர் பாரிஸில் படித்து ரசாயன விஞ்ஞானியானார். 1854-ல் லில் நகரத்தில் விஞ்ஞானக் கல்லூரியின் தலைவரானார். 1856-ல் அங்கே ஓர் ஆலை முதலாளி அவரைத் தேடி வந்தார். பீட்ரூட் சாற்றிலிருந்து சாராயம் இறக்கும் ஆலை அது. சில தொட்டிகளில் சாறு கெட்டுப் போய்ப் பெரும் நஷ்டம்.

பாஸ்டர் சாற்றை எடுத்துப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்தார். நல்ல தொட்டியில் உருண்டையான ஈஸ்ட் அணுக்கள் இருந்தன. கெட்ட தொட்டியில் அவற்றினும் மிகச் சிறிய குச்சி போன்ற கிருமிகள் நெளிந்தன. பால் புளிப்பதும் இத்தகைய கிருமிகளின் வேலையே என்று 1857-ல் எழுதினார்.

ஈஸ்ட் உயிருள்ளது என்று வேறு சிலர் முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனால் ஜெர்மனியின் பெரும் ரசாயன மேதை லீபிக் அதை ஏற்கவில்லை. அழுகும் பொருளின் அசைவே சர்க்கரையைச் சாராயமாக்குகிறது என்பது அவர் கட்சி. பாஸ்டர் என்ன செய்தார்? சர்க்கரை, அம்மோனியா உப்பு, ஈஸ்டை எரித்த சாம்பல் இவற்றை மட்டும் நீரில் கரைத்து, அதில் துளி ஈஸ்டைப் போட்டார். அழுகக்கூடிய பொருள் அதில் எதுவும் கிடையாது. ஆயினும் ஈஸ்ட் வளர்ந்தது, சாராயமும் உண்டாயிற்று. உயிர் இல்லாமல் நொதித்தல் இல்லை என்பது அவருடைய முடிவு.

அடுக்கடுக்காய்த் துன்பம்

வெற்றிகளுக்கு நடுவே வீட்டில் சோகம் சூழ்ந்தது. 1859, 1865, 1866 ஆகிய ஆண்டுகளில் மூன்று பெண் குழந்தைகளைப் பறிகொடுத்தார். 1868-ல் பக்கவாதம் தாக்கி இடது கையும் காலும் விழுந்தன. அப்போது அவருக்கு வயது 45. எழுந்தார், காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டே ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

இறந்த நண்பருடன் வழக்கு

1878-ல் வந்தது எல்லாவற்றிலும் சங்கடமான சோதனை. அவருடைய நண்பர் கிளாடு பெர்னார்ட் என்ற மாபெரும் உடலியல் அறிஞர் அவ்வாண்டு பிப்ரவரியில் காலமானார். 1866-ல் பெர்னார்ட் நோயுற்றிருந்தபோது அவர் பெருமைகளை எழுதி ஊக்கம் ஊட்டியவர் பாஸ்டர். இப்போதோ, இறந்தவரின் குறிப்புகள் அச்சாகி வெளிவந்தன. ஈஸ்ட் இல்லாமலே பழச்சாற்றில் சாராயம் உண்டாகும் என்று அவற்றில் கண்டிருந்தது!

இறந்த நண்பரை எதிர்ப்பதா? எதிர்க்காவிட்டால் இருபது ஆண்டு உழைப்பு என்ன ஆவது? பாஸ்டர் வெறும் வாதத்தோடு நிற்கவில்லை. திராட்சையையே சாட்சிக்கு அழைத்தார்.

ஆர்புவா அருகே அவருக்குச் சிறு தோட்டம் இருந்தது. ஆகஸ்டில், திராட்சை காயாக இருக்கும்போதே, கொடிகள் மீது கண்ணாடி வீடுகளை எழுப்பினார். உள்ளே சில குலைகளைப் பஞ்சாலும் சுற்றினார். அந்தச் சமயத்தில் காயின் தோலில் ஈஸ்ட் இன்னும் வந்து சேரவில்லை என்பது அவர் கணிப்பு.

அக்டோபரில் பழங்கள் கனிந்தன. திறந்த வெளியில் பழுத்தவற்றைப் பிழிந்தார். ஓரிரு நாட்களில் சாறு பொங்கியது. கண்ணாடி வீட்டுப் பழங்களைப் பிழிந்தார், பொங்கவே இல்லை! அதே வீட்டுக் குலைகளில் சிலவற்றை வெளியே கொடிகளில் கட்டித் தொங்கவிட்டு, பிறகு பிழிந்தார். அவையும் பொங்கின!

பஞ்சு சுற்றிய குலைகளைப் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்துக்கே கொண்டு சென்றார். பஞ்சு நழுவாமல் ரயிலில் அவற்றை நிமிர்த்திப் பிடித்து வந்தவர்கள் அவருடைய மனைவியும் மகளும்.

இருவருக்கும் வெற்றி

1885-ல் வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற சிறுவனுக்கு ஊசி போடச் செய்து உலகப் புகழ் பெற்ற பாஸ்டர், 1895 செப்டம்பர் 28-ல் மறைந்தார். இரண்டே ஆண்டுகளில், 1897-ல், ஜெர்மானியரான புக்னர் ஈஸ்ட் அணுக்களை நசுக்கி, உயிரற்ற சாற்றை எடுத்தார். அந்தச் சாறும் சர்க்கரையைச் சாராயமாக்கியது! அணுவுக்குள் சுரக்கும் நொதிகளே வேலைக்காரர்கள் என்று தெரிந்தது. நொதித்தலுக்கு உயிரணுவே தேவையில்லை என்ற பெர்னார்டின் ஊகத்திலும் பாதி உண்மை இருந்தது. ஆனால் அந்த நொதியைச் சுரக்க ஈஸ்ட் வேண்டும். பாஸ்டர் பக்கத்து உண்மையும் அழியவில்லை.

புக்னருக்கு 1907-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில்தான் நம் நீலகிரியில், குன்னூரில், பாஸ்டர் பெயரால் வெறிநாய்க்கடி வைத்திய நிலையம் தொடங்கியது.

கடை ஈஸ்ட், பொறுக்கி எடுத்து வளர்த்த ஒரே இனம். விரைவில் மாவை எழுப்பும். வீட்டுச் சீசாவில் வளர்வதோ பல இனக் கூட்டம். அதோடு புளிக்க வைக்கும் கிருமிகளும் சேரும். ஆகையால் மெதுவாகவே எழும், ருசி அதிகம். நாலு நாள் பொறுக்க வேண்டும். பொறுமையாகக் காத்திருந்து, ஒரு திராட்சைக் குலையிடம் உண்மையைக் கேட்டுத் தெரிந்துகொண்டவரை அப்போது நினைத்துக்கொள்ளலாம்.