தில்லியில் வேலை கிடைக்காமல் திரும்பிய நோபல் விஞ்ஞானி

புது தில்லி: இந்திய அரசின் உதவித்தொகையில் இங்கிலாந்து சென்று முனைவர் பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர், 1949-ம் ஆண்டு தாயகம் திரும்பி வேலை தேடினார். கிடைக்கவில்லை. சில மாதங்களில் மீண்டும் கடல் கடந்த அவர், 1968-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை மற்ற இருவருடன் பகிர்ந்துகொண்டார். அவர்தான் ஹர் கோவிந்த் குரானா.

மரத்தடிப் பள்ளி

இன்றைய பாகிஸ்தானில், முல்தான் பகுதியிலுள்ள ராய்ப்பூர் கிராமத்தில் 1922-ல் பிறந்தார் குரானா. ஐந்து குழந்தைகளில் இளையவர். தந்தை பட்வாரி எனப்படும் கிராமக் கணக்கர். சுமார் 100 பேர் வசித்த அவ்வூரில் எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பம் ஏறத்தாழ அது ஒன்றுதான். வறுமையிலும் பிள்ளைகளின் படிப்பைத் தந்தை கைவிடவில்லை. குரானாவின் ஆரம்பக் கல்வி மரத்தடியில் தொடங்கியது.

லாகூர் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் 1943-ல் இளநிலைப் பட்டமும், 1945-ல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். அரசு உதவித்தொகையுடன் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1948-ல் கரிம வேதியியலில் முனைவரானார். பின்னர் ஜூரிச் நகரில் பேராசிரியர் பிரெலாக்கிடம் ஓராண்டு பயின்றார்.

அவர் நாடு திரும்பியபோது பிறந்த ஊர் இந்தியாவில் இல்லை. பிரிவினையால் குடும்பத்தினர் அகதிகளாகி தில்லிக்கு வந்திருந்தனர். புதிதாக விடுதலை பெற்ற நாட்டில் அவரது படிப்புக்கேற்ற பணியிடம் அமையவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் டாட் குழுவில் இடம் கிடைத்தது. நியூக்ளிக் அமிலங்கள் மீதான ஈடுபாடு அங்குதான் வேரூன்றியது. 1952-ல் கனடாவின் வான்கூவருக்கும், 1960-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கும் சென்றார்.

குறியீட்டின் பொருள்

குரானா மாணவராக இருந்த காலத்தில் மூலக்கூறு மரபியல் தனிப் பாடமாக உருவாகியிருக்கவில்லை. வேதியியலில் கற்ற ஆய்வுக்கூட முறைகளையே அவர் உயிரியலுக்குக் கொண்டுவந்தார்.

மரபுச் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ.வில் இருப்பவை நான்கு எழுத்துகள். புரதங்களை அமைப்பவை 20 அமினோ அமிலங்கள். எந்த எழுத்து வரிசை எந்த அமினோ அமிலத்தைக் குறிக்கிறது என்பதே கேள்வி. மார்ஷல் நிரன்பர்க் 1961-ல் முதல் விடையைக் கண்டார். அவர் பயன்படுத்திய ஆர்.என்.ஏ.வில் இருந்தது ஒரே எழுத்துதான்.

எழுத்துகளின் வரிசை முன்கூட்டியே தெரிந்த ஆர்.என்.ஏ. இழைகளை உருவாக்கினார் குரானா. முதலில் சிறு டி.என்.ஏ. துண்டுகளை வேதிமுறையில் தயாரித்து, நொதிகளைக் கொண்டு அவற்றை நீண்ட இழைகளாகப் பெருக்கினார். இரண்டு எழுத்துகள் மாறி மாறி வரும் இழையை செல்களிலிருந்து எடுத்த சாற்றில் சேர்த்தபோது, இரண்டு அமினோ அமிலங்கள் மாறி மாறி அமைந்த சங்கிலி கிடைத்தது. மும்மூன்று எழுத்துகளாகவே செய்தி படிக்கப்படுகிறது என்பது இதனால் உறுதியானது. 64 மூன்றெழுத்துச் சொற்களையும் அவரது குழு தயாரித்தது. 1966-க்குள் குறியீடு முழுமையாகப் படிக்கப்பட்டது. நோபல் பரிசை நிரன்பர்க், ராபர்ட் ஹாலி ஆகியோருடன் பெற்றார்.

1970-ல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார். அதே ஆண்டு ஒரு மரபணுவை முழுவதும் ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்கியதாக அவரது குழு அறிவித்தது. அவர்கள் உருவாக்கிய மற்றொரு மரபணு, 1976-ல் உயிருள்ள பாக்டீரியாவில் செயல்பட்டது.

தாமதமாக வந்த மரியாதை

1966-ல் அமெரிக்கக் குடிமகனாகிவிட்ட அவருக்கு, இந்திய அரசு 1969-ல் பத்ம விபூஷண் வழங்கியது. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 1986-ல் தான் தோன்றியது. இந்திய, அமெரிக்க மாணவர்கள் பரஸ்பரம் ஆய்வுக்கூடங்களில் பயிற்சி பெறும் திட்டத்துக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது. 2011 நவம்பர் 9-ல் தமது 89-வது வயதில் அவர் காலமானார்.

குரானாவின் படிப்புக்கு அரசு செலவிட்டது. படித்து வந்தவருக்கு ஓர் ஆய்வுக்கூடம் தர அன்று வழியில்லை. உயர்கல்வி உதவித்தொகை பற்றிப் பேசும்போதெல்லாம், படிப்பு முடித்துத் திரும்புவோருக்கான பணியிடம் குறித்தும் யோசிக்க வேண்டும் என்பதை அவரது வாழ்க்கை உணர்த்துகிறது.