ரக்பி பள்ளியிலிருந்து வந்த டாம் வில்ஸ்

உயர்நிலைப் பள்ளியில் என் இணைப்பாட நடவடிக்கை ரக்பி. மழையோ வெயிலோ, வாரம் மூன்று நாள் திடலில் புரண்டு எழுந்திருக்கிறேன். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பருவம் மெல்பர்னில் படிக்கப் போனபோது, விடுதி நண்பர்கள் பூங்காவில் 'ஃபூட்டி' ஆடக் கூப்பிட்டார்கள். அதுதான் ஆஸ்திரேலியக் காற்பந்து. அங்கும் முட்டை வடிவப் பந்து, அங்கும் கையில் பிடிக்கலாம், ஓடலாம். சமாளித்துவிடலாம் என்று நம்பித்தான் போனேன்.

முதல் பந்து கைக்கு வந்தது. பழக்கதோஷத்தில் பக்கத்தில் ஓடிவந்தவனிடம் வீசினேன். ஆட்டம் நின்றுவிட்டது. அங்கே பந்தை வீசுவது தப்பு. ஒரு கையில் பந்தை ஏந்தி, மறு கையை முட்டியாக மடக்கிக் குத்தி அனுப்ப வேண்டும்; இல்லையென்றால் உதைக்க வேண்டும். அதைவிடப் பெரிய குழப்பம் இன்னொன்று. ரக்பியில் கையால் தரும் பந்து முன்னே போகக்கூடாது. பந்துக்கு முன்னால் நிற்பவன் ஆட்டத்தில் தலையிட முடியாது. இங்கே ஆஃப்சைட் என்பதே கிடையாது. யாரும் எங்கும் நிற்கலாம். எனக்கு முன்னால் ஆளில்லாமல் நின்று கைகாட்டிய நண்பன் என் கண்ணிலேயே படவில்லை. பல வருடப் பயிற்சி என் தலையைப் பின்பக்கம் மட்டுமே திருப்பியது.

அன்று ஒரு நண்பன் சிரித்துக்கொண்டே சொன்ன பிறகுதான் தெரிந்தது, இந்த ஆட்டம் வேண்டும் என்று முதலில் கேட்டவரே ரக்பிக்காரர்தான் என்று. சாதாரண ரக்பிக்காரர் அல்லர். அந்த ஆட்டத்துக்குப் பெயர் தந்த இங்கிலாந்தின் ரக்பி பள்ளியிலேயே படித்தவர். பெயர் தாமஸ் வென்ட்வர்த் வில்ஸ். எல்லாருக்கும் டாம் வில்ஸ்.

அவர் பிறந்தது 1835 ஆகஸ்ட் 19ஆம் தேதி, நியூ சவுத் வேல்ஸில். தாத்தா எட்வர்ட் வழிப்பறிக் குற்றத்துக்காக இங்கிலாந்திலிருந்து நாடு கடத்தப்பட்டு 1799ல் சிட்னிக்கு வந்த கைதி. தண்டனை முடிந்து வியாபாரத்தில் முன்னுக்கு வந்தவர். தந்தை ஹொரேஷியோ ஆட்டு மந்தைகளோடு மேற்கு விக்டோரியாவுக்குக் குடிபெயர்ந்தார். அது ஜாப்வுரங் என்ற பூர்வகுடி மக்களின் நிலம். வெள்ளையர் பிள்ளைகள் அரிதாக இருந்த அந்த இடத்தில் சிறுவன் டாமுக்கு விளையாட்டுத் துணை ஜாப்வுரங் பிள்ளைகளே. அவர்களின் மொழியையும் பாட்டையும் கற்றுக்கொண்டான். இதைப் பிறகு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மகனை வழக்கறிஞராக்க வேண்டும் என்பது தந்தையின் ஆசை. 1850ல், 14 வயதில், கப்பலேற்றி ரக்பி பள்ளிக்கு அனுப்பினார். அந்தப் பள்ளியில் காற்பந்து விதிகளை 1845ல் எழுதி வைத்தவர்கள் ஆசிரியர்கள் அல்லர், மூத்த மாணவர்கள். எதிராளியின் முழங்காலுக்குக் கீழே பூட்ஸ் காலால் உதைப்பதும் அந்த விதிகளின்படி சரி. வலியைக் காட்டாமல் தாங்குவதுதான் ஆண்மை என்று அந்தக் காலத்துப் பையன்கள் நம்பினார்கள். (என் பயிற்றுநர்களில் சிலரும் ஏறக்குறைய அப்படித்தான்.) படிப்பில் டாம் சுமார். ஆனால் காற்பந்திலும் கிரிக்கெட்டிலும் அவரைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். பள்ளிக் கிரிக்கெட் அணிக்குத் தலைவரானார். கேம்பிரிட்ஜில் படிக்கும் திட்டம் நிறைவேறவில்லை. ஆனாலும் 1856ல் ஆக்ஸ்ஃபர்டுக்கு எதிராக கேம்பிரிட்ஜ் அணியில் ஆடியிருக்கிறார்! அந்த வருடக் கடைசியில், 21 வயதில், பட்டமோ தொழிலோ இல்லாமல் மெல்பர்னில் வந்து இறங்கினார்.

தங்கம் கிடைத்த செய்தியால் உலகமே வந்து குவிந்துகொண்டிருந்த ஊர் அது. விக்டோரியா அணியின் கிரிக்கெட் நாயகனாக வில்ஸ் உடனே உயர்ந்தார். கோடையில் கிரிக்கெட் சரி, குளிர்காலத்தில் என்ன செய்வது? 1858 ஜூலை 10ஆம் தேதி வெளியான 'பெல்ஸ் லைஃப் இன் விக்டோரியா' இதழில் அவருடைய கடிதம் ஒன்று வந்தது. கிரிக்கெட் வீரர்கள் குளிர்காலத்தில் சும்மா இருந்து உடல் கெட்டுப்போகாமல் இருக்க ஒரு காற்பந்து மன்றம் வேண்டும், அதற்கு விதிகள் எழுத ஒரு குழு வேண்டும் என்று கேட்டார். அது முடியாவிட்டால் துப்பாக்கி சுடும் மன்றமாவது அமையட்டும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

நான்கு வாரம் கழித்து, ஆகஸ்ட் 7ஆம் தேதி, ஸ்காட்ச் காலேஜ், மெல்பர்ன் கிராமர் பள்ளி மாணவர்கள் இன்றைய எம்சிஜி அரங்கத்துக்குப் பக்கத்திலிருந்த திறந்தவெளியில் மோதினார்கள். ஓர் அணிக்கு 40 பேர். கோல் கம்பங்களுக்கு இடையே அரை மைல் தூரம் இருந்ததாம். நடுவர்கள் இருவர். ஒருவர் வில்ஸ். மற்றவர் ஜான் மெக்கடம் என்ற மருத்துவர்; நாம் பேரங்காடியில் வாங்கும் மெக்கடேமியா கொட்டைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். இருட்டும்வரை ஆடியும் ஆளுக்கொரு கோல்தான். இன்னும் இரண்டு சனிக்கிழமை ஆடிப் பார்த்தும் முடிவு வரவில்லை. கடைசியில் சமநிலை.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1859 மே 17ஆம் தேதி, அரங்கத்துக்கு அருகிலிருந்த பரேட் ஹோட்டலில் விதிகள் எழுத உட்கார்ந்தார்கள். வில்ஸோடு இருந்தவர்களில் முக்கியமானவர்கள் ஹேமர்ஸ்லி, தாம்ப்சன், தாமஸ் ஸ்மித். முதல் இருவரும் கேம்பிரிட்ஜில் படித்துப் பத்திரிகைக்கு வந்தவர்கள். ஸ்மித் டப்ளினில் படித்த ஆசிரியர். ரக்பி, ஈட்டன், ஹேரோ, வின்செஸ்டர் எனப் பல பள்ளிகளின் விதிகளை மேசையில் போட்டுப் பார்த்தார்கள். வில்ஸ் கேட்டது ரக்பி பள்ளியின் விதிகளை. மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அவை சிக்கலானவை, அவரைத் தவிர வேறு யாருக்கும் புரியவில்லை என்பது ஒரு காரணம். அடுத்த காரணம் இன்னும் நடைமுறையானது. மெல்பர்னின் நிலம் கட்டாந்தரை. ஆடப்போகிறவர்கள் திங்கட்கிழமை வேலைக்குப் போகவேண்டிய பெரியவர்கள். காலில் உதை வாங்கி நொண்டிக்கொண்டு அலுவலகம் போக யார் தயார்?

பத்தே விதிகள் எழுதினார்கள். காலில் உதைப்பது தடை. உதைத்த பந்தை நேராகப் பிடித்தால் 'மார்க்'. பிடித்தவர் தடையில்லாமல் உதைக்கலாம். இது ரக்பியிலிருந்து வந்தது. இன்றும் ஃபூட்டியின் உயிர் அதுதான். பந்தை வீசக்கூடாது என்பது பத்தாவது விதி. என்னை அன்று பூங்காவில் நிறுத்தியது அதுதான்! ஆஃப்சைட் பற்றி ஒரு வரியும் இல்லை. வேண்டுமென்றே விட்டார்களா, எழுதாமலே போனதா என்று அறிஞர்கள் வாதிடட்டும். அந்த ஒரு வரி இல்லாததால்தான் ஆட்டம் திடல் முழுக்கப் பரவியது.

தான் கேட்ட விளையாட்டின் விதிகளில் தன் பேச்சு எடுபடவில்லை. 23 வயதுதான் அவருக்கு. பந்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். நானாக இருந்தால் ஒரு வாரமாவது முகத்தைத் தூக்கிவைத்திருப்பேன். அவர் அந்தப் பத்து விதிகளில் இறங்கி ஆடினார். மெல்பர்னுக்கும் பிறகு ஜீலாங்குக்கும் தலைவராக நின்று வென்றார். ஆளில்லாத இடத்துக்குப் பந்தை அனுப்புவது, வீரர்களைப் பிரித்து நிறுத்துவது என்று புதுப்புது வழி கண்டவர் என அவர் காலத்தவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

வில்ஸ் சிறுவயதில் பார்த்த பூர்வகுடிகளின் பந்தாட்டமே இதற்கு மூலம் என்று சிலர் சொல்கிறார்கள். அந்த ஆட்டத்தை மார்ன்கிரூக் என்பார்கள். போசம் என்னும் சிறு விலங்கின் தோலில் செய்த பந்தைத் தாவிப் பிடிப்பது. சான்று இல்லை என்று மறுக்கும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. எழுத்தில் ஆதாரம் கிடைக்கவில்லை என்பது உண்மை. பூர்வகுடிகளின் வாழ்க்கையில் எவ்வளவுதான் எழுத்தில் ஏறியது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

1861ல் தந்தை குயின்ஸ்லாந்தில் புதுப் பண்ணை அமைக்கக் கிளம்பினார். கிரிக்கெட்டையும் காற்பந்தையும் விட்டுவிட்டு டாமும் போனார். கல்லின்லாரிங்கோ என்ற அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அக்டோபர் 17ஆம் தேதி, கயிரி என்ற பூர்வகுடியினர் கூடாரங்களைத் தாக்கினர். ஹொரேஷியோ உட்பட 19 பேர் கொல்லப்பட்டனர். பொருள் எடுத்துவரப் போயிருந்ததால் டாம் தப்பினார். பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் முன்பு கயிரி மக்களைச் சுட்டதற்கான பழிதான் இது என்று அவரே கருதினார். அதன்பின் வெள்ளையரும் போலிசும் நடத்திய வேட்டையில் நூற்றுக்கணக்கான பூர்வகுடிகள் செத்தார்கள். டாமின் அப்போதைய கடிதங்களில் பழிவாங்கும் கோபம் தெரிகிறது. அந்த வேட்டையில் அவரும் சேர்ந்திருந்ததாகச் சொல்லும் 1895ஆம் ஆண்டு சிகாகோ நாளிதழ்ச் செய்தி ஒன்று 2021ல் வெளிச்சத்துக்கு வந்தது. அதை எவ்வளவு நம்பலாம் என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒற்றுமை இல்லை. அவரைத் தூக்கிப்பிடிக்கும் எந்தக் கட்டுரையும் இதைத் தாண்டிக் குதிக்கக்கூடாது என்பது என் எண்ணம்.

ஐந்தாண்டு கழித்து அதே மனிதர் மேற்கு விக்டோரியாவின் ஈடன்ஹோப் என்ற ஊருக்குப் போனார். அங்கே பண்ணைகளில் வேலை செய்த பூர்வகுடி இளைஞர்களின் கிரிக்கெட் அணிக்குப் பயிற்சி தர. சிறுவயதில் கற்ற மொழி அங்கே உதவியது. 1866 டிசம்பர் 26ஆம் தேதி எம்சிஜியில் அந்த அணியோடு அவரும் களமிறங்கினார். ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். அணி தோற்றது, ஜானி முல்லா என்ற வீரரின் பெயர் பரவியது. அந்த அணியில் சிலர் இடம்பெற்ற குழுதான் 1868ல் இங்கிலாந்து சென்றது. அங்கே சுற்றுப்பயணம் செய்த முதல் ஆஸ்திரேலியக் கிரிக்கெட் அணி அதுவே. அப்போது அவர்களை வழிநடத்தியவர் வில்ஸ் அல்லர், சார்ல்ஸ் லாரன்ஸ். தந்தையை இழந்த பிறகு ஏன் இந்தப் பொறுப்பை ஏற்றார்? பணத்தேவை, பழைய நட்பு, கிரிக்கெட் ஆசை என்று ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள்.

குயின்ஸ்லாந்துக்குப் பிறகு அவருக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. குடி அதிகமானது. இன்றென்றால் மனநல மருத்துவர் ஒரு பெயர் சொல்லியிருப்பார், சிகிச்சையும் தொடங்கியிருக்கும். 1870களில் கடன் கூடியது, அணிகளில் இடம் போனது. குடியை நிறுத்தியதால் வந்த பித்தநிலையில் 1880 மே மாதம் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து வெளியேறி வீடு திரும்பியவர், மே 2ஆம் தேதி தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வயது 44. மெல்பர்னின் ஹைடல்பர்க் பகுதியில் பெயர்ப் பலகைகூட இல்லாமல் அடக்கம் செய்தார்கள். ஆஸ்திரேலியக் காற்பந்தின் தந்தை என்ற பட்டம் நீண்ட காலம் அவருடைய உறவினரும் தங்கையின் கணவருமான ஹாரிசனுக்கே இருந்தது. 1866ல் விதிகளைத் திருத்தி எழுதிய அவரும் தகுதியானவர்தான். வில்ஸின் கல்லறைக்குக் கல் வைத்தது 1980ல், இறந்து 100 ஆண்டு கழித்து.

ஊர் திரும்புவதற்கு முந்தின வாரம் எம்சிஜி வாசலில் இருக்கும் சிலையைப் பார்க்கப் போனேன். 2001ல் வைத்தது. 1858 ஆட்டத்தின் நடுவராக அவர் நிற்க, முன்னால் பள்ளிப் பையன்கள் பந்துக்காகத் தாவுகிறார்கள். கொஞ்சம் தள்ளி, கழுத்துத் துண்டு கட்டிய இரண்டு சிறுவர்கள் ஆட்டத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்கப் போன அப்பாவுக்காகக் காத்திருந்தார்கள். அவர்களின் பந்து உருண்டு என் காலடிக்கு வந்தது. எடுத்து, வீசக் கையை ஓங்கியவன், நிறுத்தி, முட்டியால் குத்தி அனுப்பினேன். பந்து கோணலாகத்தான் போனது.