ரெண்டு விரல் போதும்!

உங்க இடது கையின் மோதிர விரலையும் சுண்டு விரலையும் மடக்கிக்கிட்டு, ஷூ லேஸ் கட்டிப் பாருங்க. கஷ்டமா இருக்கா? இதே கையோட கிட்டார் வாசிக்கச் சொன்னா? வாசிச்சுக் காட்டினார் ஒருத்தர். அவர்தான் ஐரோப்பா தந்த ஜாஸ் மேதை, ஜாங்கோ ரைன்ஹார்ட்.

1910 ஜனவரி 23, பெல்ஜியத்தின் லிபர்ஷி கிராமத்தில் பிறந்தார். ஊர் ஊராகப் போகும் ரோமா நாடோடிக் குடும்பம். குதிரை வண்டிதான் வீடு. பள்ளிப் படிப்பு கிடையாது. இசைக் குறிப்பும் படிக்கத் தெரியாது. எல்லாம் கேள்வி ஞானம்தான்! பதின்ம வயசுலேயே பாரிஸ் நடனக் கூடங்களில் பாஞ்சோ வாசிச்சுச் சம்பாதிச்சார்.

1928 நவம்பர் 2. வயசு 18. ராத்திரி கச்சேரி முடிஞ்சு வண்டிக்குத் திரும்பினார். உள்ளே அவர் மனைவி விற்பதற்காகச் செய்து வெச்சிருந்த செல்லுலாய்டு பூக்கள். செல்லுலாய்டு எவ்வளவு வேகமா எரியும்னு கெமிஸ்ட்ரி படிச்ச உங்களுக்குச் சொல்லணுமா? மெழுகுவத்தி நெருப்பு பட்டதும் வண்டி மொத்தமும் பத்திக்கிச்சு. இருவரும் உயிர் தப்பினாங்க. ஆனா ஜாங்கோவின் காலை எடுத்துடணும்னு டாக்டர்கள் சொன்னாங்க; அவர் ஒத்துக்கலை. கால் பிழைச்சது. இடது கையின் கடைசி ரெண்டு விரல்கள் மட்டும் சுருங்கினது சுருங்கினதுதான்.

படுக்கையில் கிடந்தவர் கையில் தம்பி ஜோசப் ஒரு கிட்டாரைக் கொடுத்தார். ஒன்றரை வருஷப் போராட்டம் தொடங்குச்சு. மத்தவங்க நாலு விரலை ஒரே இடத்தில் வெச்சு, கம்பிக்குக் கம்பி தாவி வாசிப்பாங்க. ஜாங்கோ ரெண்டே விரலைக் கழுத்துப் பலகையின் நீளத்துக்கு மேலும் கீழும் ஓடவிட்டார். சுருங்கின விரல்களையும் சும்மா விடலை. கார்டு பிடிக்கும்போது மெல்லிய கம்பிகள் மேல அழுத்திக்கிட்டார். முடியாததைச் சுத்திப் போன அந்த வழியே அவரோட பாணி ஆயிடுச்சு.

1934-ல் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியோடு பாரிஸில் ஒரு ஐவர் குழு. ஒரு வயலின், மூணு கிட்டார், ஒரு டபுள் பேஸ். டிரம்ஸே கிடையாது! ரெண்டு கிட்டார்கள் வெட்டி வெட்டி அடிக்கும் தாளமே டிரம்ஸ் வேலையைப் பார்த்துச்சு.

அப்புறம் போர். நாஜிகள் ரோமா மக்களை லட்சக்கணக்கில் கொன்ன காலம். ஜாங்கோ சுவிட்சர்லாந்துக்குத் தப்பப் பார்த்தார், பிடிபட்டார், எப்படியோ உயிரோடு பாரிஸ் திரும்பினார். 1940-ல் அவர் அமைத்த நுவாஜ், அதாவது மேகங்கள், ஆக்கிரமிப்பில் தவிச்ச பாரிஸ்காரர்களின் மனசோடு ஒட்டிக்கிச்சு.

மனுஷன் ஒழுங்கான ஆளுன்னு நினைச்சுடாதீங்க. சூதாட்டப் பிரியர். சொன்ன நேரத்துக்கு வரவே மாட்டார். 1946-ல் டியூக் எலிங்டனோடு அமெரிக்காவில் வாசிக்கப் போய், நியூயார்க் கார்னகி ஹாலுக்கே லேட்டா வந்தார். கடைசி வருஷங்களில் பாரிஸுக்கு அருகில் சாமுவா கிராமத்தில் மீன் பிடிச்சு, படம் வரைஞ்சு வாழ்ந்தார். 1953 மே 16, மூளை ரத்தக்கசிவில் காலமானார். வயசு 43தான்.

கதை அங்கே முடியலை. பல வருஷம் கழிச்சு, இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஒரு தொழிற்சாலை இயந்திரத்தில் ரெண்டு விரல் நுனிகளை இழந்தான் ஒரு பையன். மனசு உடைஞ்சு கிடந்தவனுக்கு மேலாளர் ஒரு ஜாங்கோ இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். அந்தப் பையன்தான் பிளாக் சபாத் கிட்டாரிஸ்ட் டோனி அயோமி!

சரி, இப்போ விரலை நிமிர்த்திக்கோங்க. இயர்போனை மாட்டி, 1937-ல் பதிவான மைனர் ஸ்விங் கேளுங்க. பார் கார்டு வரலைன்னு ஹாஸ்டல் மூலையில் கிட்டாரைச் சாத்தி வெச்சிருக்கீங்களே, அதையும் கொஞ்சம் தூசி தட்டுங்க.