நெஞ்சின் ஒலி கேட்ட லாயெனெக்

தெஹிவளையிலும் வெள்ளவத்தையிலும் மாலை வேளைகளில் வைத்தியர் வாயிலில் இருமலோடு காத்திருப்போரை நாம் நாள்தோறும் காண்கின்றோம். உள்ளே சென்றதும் வைத்தியர் மூச்சை நன்றாக இழுத்து விடுமாறு பணித்து, முதுகிலும் மார்பிலும் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்கின்றார். எக்ஸ்-கதிர்ப் படமும் சளிப் பரிசோதனையும் அதன் பின்னரே. எமது பழைய மாணவருள் வைத்தியத் தொழில் பூண்டோர் பலர். அவர்தம் கழுத்தில் தொங்கும் அக்கருவி ஒரு கடதாசிச் சுருளாய்ப் பிறந்த வரலாற்றை இம்மலரிற் கூறுதல் பொருந்துமென எண்ணுகின்றோம்.

பிரான்சு தேசத்தின் மேற்குக் கரையிலே, பிரெத்தாஞ் பகுதியைச் சேர்ந்த கெம்பேர் நகரில், 1781ஆம் ஆண்டு பெப்ரவரி 17ஆம் நாள் ரெனே லாயெனெக் பிறந்தார். ஐந்து வயதிலே தாயை இழந்தார். தந்தையார் சட்டம் கற்றவர். கவி புனைவதில் இருந்த நாட்டம் பிள்ளைகளைப் பேணுவதில் அவருக்கு இருந்ததில்லை. ஆகவே சிறுவனை வளர்க்கும் பொறுப்பு, நான்த் நகரில் வைத்தியராய் விளங்கிய சிறிய தந்தையார் கியோம் மீது விழுந்தது. பிரெஞ்சுப் புரட்சியின் கொடுமைகள் அந்நகரைக் கலக்கிய காலம் அது. பதினான்கு வயதிலேயே சிறிய தந்தையாரின் கீழ் வைத்தியம் பயிலத் தொடங்கிய லாயெனெக், 1801இல் பாரிஸ் சென்று, இரண்டே ஆண்டுகளில் வைத்தியத்திலும் சத்திரசிகிச்சையிலும் முதற் பரிசுகளைப் பெற்றார். மெலிந்த உடல், குழல் வாசிப்பதில் விருப்பம். இவ்விரண்டும் பின்னர் வரும் கதைக்கு வேண்டியவை.

பாரிஸில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் கோர்விசார், நெஞ்சை விரலால் தட்டி ஒலி கேட்கும் முறையை மீண்டும் உயிர்ப்பித்தவர். அம்முறையை 1761இல் நூலாக வெளியிட்டவர் அவுன்புருகர் என்னும் ஆஸ்திரிய வைத்தியர். அவர் விடுதி நடத்துவோர் ஒருவரின் மகன். பீப்பாயைத் தட்டி உள்ளே எவ்வளவு உண்டென அறியும் வழக்கத்தை நோயாளியின் மார்புக்கு மாற்றியவர் அவர் என்பர். நெஞ்சின்மீது நேரே காதை வைத்துக் கேட்பதும் கிரேக்க மருத்துவர் காலந்தொட்டே அறியப்பட்டதுதான். ஆயினும் அது பயன்பட்டது சிறிது.

1816இல் லாயெனெக் பாரிஸ் நெக்கேர் ஆஸ்பத்திரியின் வைத்தியரானார். அவ்வாண்டில் இருதய நோயின் குறிகளோடு இளம்பெண் ஒருத்தி அவரிடம் வந்தாள். உடல் பருமனால் தட்டிப் பார்ப்பது பயன் தரவில்லை. இளம்பெண்ணின் மார்பிற் காதை வைப்பதோ முறையன்று. அப்பொழுது, மரச்சட்டத்தின் ஒரு முனையில் ஊசியாற் கீறினால் மறுமுனையிற் காது வைத்தவருக்கு அவ்வொலி தெளிவாய்க் கேட்கும் என்பது அவர் நினைவுக்கு வந்தது. சிறுவர் விளையாடியதைக் கண்டே இதனை உணர்ந்தார் எனப் பலரும் எழுதுவர். அவர் தம் நூலிற் கூறுவது மரச்சட்டத்தை மட்டுமே. கடதாசித் தாள்களை இறுகச் சுருட்டி, ஒரு முனையை அவள் மார்பிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். வெறுங் காதினாற் கேட்டதினும் தெளிவாக இருதயத்தின் துடிப்புக் கேட்டது!

கடதாசியை விடுத்து மரத்தாற் குழாய் செய்தார். ஏறக்குறைய ஓர் அடி நீளம், நடுவே துளை. கடைசல் யந்திரத்தில் தாமே கடைந்தார். பணச் செலவு இவ்வளவே. பெருஞ்செலவு உழைப்பிலேதான். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நோயாளிகளின் நெஞ்சைக் கேட்டுக் குறித்து வைத்து, இறந்தோரின் உடலை அறுத்து, தாம் கேட்டதும் உள்ளே உள்ளதும் ஒத்தனவா என நோக்கினார். நெருப்பிலிட்ட உப்பு வெடிப்பது போன்ற ஒலி கேட்டவிடத்து நுரையீரல் அழன்றிருந்தது. பேசுங் குரல் ஆட்டின் கத்தல்போல நடுங்கியவிடத்து நுரையீரலைச் சூழ நீர் தேங்கியிருந்தது. நோயாளியின் பேச்சு மார்பிலிருந்து நேரே குழாய் வழியே வருவதுபோற் கேட்டால், சயரோகம் அங்கு குகை குடைந்திருந்தது. தட்டும்போது வெற்றுப் பானைபோல் ஒலித்து, மூச்சொலி மட்டும் மங்கினால், காற்றறைகள் விரிந்து கெட்டிருந்தன. மூச்சுக்குழல்கள் விரிந்து சளி கட்டும் நோயை முதன்முதல் தெளிவாக விவரித்தவரும் அவரே. இவை இன்றும் மருத்துவ மாணவர் கற்பவை.

1819இல் நூல் வெளிவந்தது. வேண்டியோர் சிறு தொகை கூடக் கொடுத்து மரக்குழாயையும் உடன் பெறலாம். எள்ளி நகைத்தோரும் இருந்தனர். ஆயினும் 1821இலேயே நூல் ஆங்கிலத்தில் வந்துவிட்டது. அவர் பிழையே செய்யாதவர் அல்லர். சயரோகம் தொற்றுமென்பதை அவர் ஐயுற்றார். அதன் கிருமியை ரொபேர்ட் கொக் 1882இலேதான் காட்டினார். நோயை அறிந்தாலும் தீர்க்கும் மருந்து அன்று இல்லை. சாவை முன்கூட்டி அறிவதற்கா ஒரு கருவி எனச் சிலர் வினவக்கூடும். நோய் இன்னதெனத் தெரியாதிருந்தால், 1940களில் மருந்து வந்தபோது அதனை யாருக்குக் கொடுப்பது?

நூல் முடிந்ததும் உடல் நலிந்து ஊர் சென்ற லாயெனெக், 1822இல் மீண்டும் பாரிஸ் வந்து பேராசிரியரானார். 1824இல் மணம் புரிந்தார். 1826இல் நூலின் இரண்டாம் பதிப்பை முடிப்பதற்குள் இருமலும் காய்ச்சலும் மிகுந்தன. வைத்தியரான தம் உறவினர் மெரியாடெக்கைத் தம் மார்பில் மரக்குழாயை வைத்துக் கேட்குமாறு பணித்தார். அவர் கேட்டதைக் கேட்டவாறே உரைத்தார். அந்த ஒலிகளை எத்தனையோ நோயாளிகளின் மார்பில் கேட்டவர் லாயெனெக். பொருள் விளக்க எவரும் வேண்டியிருக்கவில்லை.

கடற்காற்றை நாடிப் பிரெத்தாஞ்சிலுள்ள தம் இல்லத்திற்குத் திரும்பி, 1826 ஆகஸ்ட் 13ஆம் நாள், நாற்பத்தைந்தாம் வயதில் சயரோகத்தால் மறைந்தார். தம் கடிகையையும் மோதிரத்தையும் மெரியாடெக்குக்கு எழுதி வைத்தவர், அவற்றினும் மேலான உடைமையெனக் குறித்து, அந்த மரக்குழாயையும் அவருக்கே விட்டுச் சென்றார்.