ஷைகின் காலடியில் ஒரு பாவலர்: ஹஸ்ரத் அமீர் குஸ்ரூ (ரஹ்)



இனிய குரல் அல்லாஹ் வழங்கிய அமானிதம். கிராஅத் ஓதுவோரும், பாங்கு சொல்வோரும், மீலாது மேடைகளில் பைத்தும் நஅத்தும் பாடுவோரும் அந்த அமானிதத்தைச் சுமப்பவர்களே. கேட்போர் மனமுருகிப் பாராட்டும்போது, அப்பாராட்டு பாடிய பொருளுக்கு உரியதா, பாடியவருக்கு உரியதா என்னும் கேள்வி எழுகிறது. இக்கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாக விட்டுச் சென்ற ஒரு பெரியாரை இம்மலரில் நினைவுகூர விழைகிறோம்.

கி.பி. 1253-ஆம் ஆண்டு, இன்றைய உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த பட்டியாலி என்னும் ஊரில் அமீர் குஸ்ரூ (ரஹ்) பிறந்தார்கள். இயற்பெயர் அபுல் ஹஸன் யமீனுத்தீன். தந்தையார் துருக்கிய மரபினர்; தாயார் இந்நாட்டுக் குடும்பத்தவர். இளம் வயதிலேயே தந்தையை இழந்து, தாய்வழிப் பாட்டனார் இமாதுல் முல்க் அவர்களின் ஆதரவில் வளர்ந்தார்கள். சிறுவயதிலேயே பாரசீகக் கவிதை அவர்களுக்குக் கைவந்தது. கைகுபாத், ஜலாலுத்தீன் கில்ஜி, அலாவுத்தீன் கில்ஜி, முபாரக் ஷா, கியாதுத்தீன் துக்ளக் என டில்லி சுல்தான்கள் பலருடைய அவையை அவர்களின் புலமை அலங்கரித்தது. இசையிலும் பெரும் தேர்ச்சி பெற்றிருந்தார்கள். கவ்வாலி மரபின் தந்தை என்று அவர்களை வட இந்திய இசைவாணர்கள் இன்றும் போற்றுகின்றனர்.

இத்தனை புகழுக்கிடையே அவர்கள் தம்மை எவ்வாறு மதிப்பிட்டார்கள் என்பது கவனிக்கத்தக்கது. குர்ரத்துல் கமால் என்னும் தம் கவிதைத் தொகுப்பின் முன்னுரையில், ஒருவர் முழுமையான கவிஞராவதற்குரிய தகுதிகளை வகுத்துரைத்தார்கள். பின்னர் அதே அளவுகோலால் தம்மையும் அளந்தார்கள். அத்தகுதிகள் அனைத்தும் தம்மிடம் நிறைவடையவில்லை என்றும், ஆதலால் தாம் ஆசானல்ல, மாணவரே என்றும் எழுதிவைத்தார்கள். அரசவை முழுதும் ஆசான் என ஏற்ற ஒருவர் தாமே எழுதிய தீர்ப்பு இது.

இப்பணிவு வளர்ந்த இடம், ஹஸ்ரத் நிஜாமுத்தீன் அவ்லியா (ரஹ்) அவர்களின் கான்காஹ் ஆகும். அரசர்களின் வாசலை நாடாத அந்த மகானின் முரீதாக அமீர் குஸ்ரூ (ரஹ்) விளங்கினார்கள். ஒருமுறை சுல்தான் ஜலாலுத்தீன் கில்ஜி முன்னறிவிப்பின்றி ஷைகைச் சந்திக்க எண்ணி, அதை இரகசியமாக வைத்திருந்தார். அதை அறிந்த குஸ்ரூ (ரஹ்) தம் ஷைகிடம் தெரிவித்துவிட்டார்கள். ஷைகு அவர்களும் அஜோதனுக்குப் புறப்பட்டுவிட்டார்கள். சுல்தான் காரணம் கேட்டபோது, மன்னரின் கோபத்தால் தம் உயிருக்கே ஆபத்து, ஷைகின் மனவருத்தத்தாலோ ஈமானுக்கே ஆபத்து என்று அஞ்சியதாக அவர்கள் விடையிறுத்தார்கள். ஸியருல் அவ்லியா என்னும் பழைய நூலில் இச்செய்தி காணப்படுகிறது. இரவின் பிற்பகுதியில் தஹஜ்ஜுத் தொழுது, குர்ஆன் ஓதி அழுபவர்களாக அவர்கள் இருந்தார்கள் என்பதும் அவ்வரலாற்றுச் செய்திகளுள் ஒன்று.

அந்த கான்காஹில் பாட்டு பொழுதுபோக்காக இருக்கவில்லை. ஸமாஃ சபைக்கு நிஜாமுத்தீன் அவ்லியா (ரஹ்) நிபந்தனைகள் விதித்திருந்தார்கள். பாடுபவர் முதிர்ந்த ஆணாக இருக்கவேண்டும், கேட்பவர் அல்லாஹ்வின் நினைவில் இருக்கவேண்டும், பாடப்படும் சொற்களில் ஆபாசம் கூடாது, இசைக்கருவிகள் கூடாது. இந்நான்கையும் எண்ணிப் பார்த்தால், பாடகரின் திறமையைக் காட்டுவதற்கு அங்கே இடமில்லை என்பது விளங்கும். அப்போதும் உலமாக்கள் சிலர் ஆட்சேபித்தனர். கியாதுத்தீன் துக்ளக் ஆட்சியில் இதற்கென ஒரு விசாரணைச் சபையே கூடியது. ஸமாஃ குறித்த கருத்து வேறுபாடு இன்றும் உண்டு. அதில் தீர்ப்புக் கூறுவது நம் நோக்கமன்று. எனினும், அனுமதித்த பெரியார்களும் எத்துணை எச்சரிக்கையோடு அனுமதித்தார்கள் என்பதை நாம் அறிந்திருப்பது நலம்.

ஹிஜ்ரி 725, அதாவது கி.பி. 1325-இல், ஷைகு அவர்கள் மறைந்தார்கள். அவ்வேளை குஸ்ரூ (ரஹ்) வங்காளத்தில் இருந்தார்கள். செய்தி கேட்டு டில்லி திரும்பிய அவர்களுக்கு அதன்பின் அரசவையில் நாட்டமில்லை. ஏறத்தாழ ஆறு மாதங்களில் அவர்களும் இவ்வுலகை நீத்து, ஷைகின் காலடிப் பக்கமாகவே அடக்கம் செய்யப்பட்டார்கள். அதற்குப் பின் ஏறத்தாழ 700 ஆண்டுகள் கடந்துவிட்டன. அவர்கள் புகழ்ந்து பாடிய அரண்மனைகள் பாழடைந்தன. ஷைகின் கபுருக்குச் செல்வோர் முதலில் குஸ்ரூ (ரஹ்) அவர்களுக்கு ஸலாம் உரைத்துச் செல்லும் வழக்கமோ இன்றும் நிலைத்திருக்கிறது.

அன்பர்களே! நம் மஹல்லாவின் பிள்ளைகள் அழகாக ஓதுகின்றனர், இனிமையாகப் பாடுகின்றனர். அவர்களை ஊக்குவிப்பது நம் கடமை. அதனினும் பெரிய கடமை, ஒலிபெருக்கியின் முன் நிற்கும்போது உள்ளத்தைக் காத்துக்கொள்ளக் கற்றுக்கொடுப்பதாகும். பாடும் சொல்லின் பொருளைப் பிள்ளை அறிந்திருக்கிறதா, தொழுகை நேரம் வந்ததும் பாட்டு நிற்கிறதா, சபை கலைந்தபின் மக்கள் நெஞ்சில் தங்குவது ஸலவாத்தா, பாடியவரின் பெயரா என்பதை நாம் ஒவ்வொரு விழாவிலும் பார்த்துக்கொள்வோமாக.

வல்ல அல்லாஹ் நம் நாவுகளுக்கு இனிமையையும், உள்ளங்களுக்கு இக்லாஸையும் பணிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.