நூலக வாயிலைத் திறந்த பேராசான்

1892-ஆம் ஆண்டு சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதனார், கல்லூரியிற் கணிதம் கற்பித்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, இலண்டன் சென்று நூலகக்கலை பயின்று, 1925-இல் தாயகம் திரும்பினார். நூலடுக்குகளை வாசகர் தாமே அணுக வழிசெய்தார். நூலகத்தின் ஐந்து விதிகளை 1931-இலும், கோலன் பகுப்பு முறையை 1933-இலும் நூலாக்கினார். நூல்களைக் காத்துவைப்பதோடு நூலகர் பணி முடிவதில்லை. புதிதாய் வரும் மாணவர்க்குப் பட்டியலைப் பார்க்கவும், பகுப்பெண் கொண்டு நூலைத் தேடவும் பழக்குவதும் அவர்தம் கடமையே என வகுத்தார். 1972-இல் மறைந்தார்.

நம் இல்லங்களிலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் புகும் பிள்ளைகள், கேட்கக் கூசி, வெறுங்கையராய்த் திரும்புதலை நாம் அறிவோம். அறியாததைக் கேட்டல் இழிவன்று. வழிகாட்டுமாறு கேட்பது வாசகரின் உரிமை. இளைஞர்களே, தயங்காது கேளுங்கள். கற்ற வழியைப் பின்வருவோர்க்கும் காட்டுங்கள்.